விரகனூர் முதல் ஆற்றங்கரை வரை: கண்மாய்களின் மட்டம்

திங்கள், விரகனூர்

புரட்டாசி தொடக்கம். மதுரையை ஒட்டிய விரகனூரிலிருந்து கடலோர ஆற்றங்கரை வரை, வைகை ஓரக் கண்மாய்களைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் பயணம். கண்மாய், அதாவது பாசன ஏரி, பார்க்கக் கிளம்புகிறவர்கள் தண்ணீர் நிறைந்திருக்கும் மார்கழியில் போகத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே மேடு தட்டியிருக்கிறது, தண்ணீர் தேங்கும் உள்வாயில் வண்டல் எவ்வளவு என்பதெல்லாம் கண்மாய் வறண்டு கிடக்கும்போதுதான் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பழுது கண்டால் சரிசெய்யவும் அவகாசம் உண்டு.

வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. 1895இல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. 1959இல் திறந்த வைகை அணை 71 அடி வரை பிடிக்கும். அணையிலிருந்து வைகையின் பழைய பாசனத்துக்கு விடும் தண்ணீரை ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2 என்று பங்கிடுகிறார்கள். ஆற்றின் கடைசியில் இருக்கும் மாவட்டத்துக்குத்தான் பெரிய பங்கு. அந்தப் பங்கு காகிதத்தில் இருக்கும்; வயலுக்குப் போய்ச் சேருவதற்கு இடையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உயரங்களைத் தாண்ட வேண்டும்.

விரகனூர் மதகணையில் (ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்த அணை) நின்று கீழே பார்த்தால் ஆற்றின் இன்றைய நிலை புரியும். படுகையில் நாணலும் சீமைக்கருவேலமும், நடுவில் பாறை தெரியும் பள்ளங்கள். மணல் அள்ளியதால் ஆற்றின் தரை இறங்கிவிட்டது. மணல் போனால் ஊற்று போகும் என்பது எல்லோரும் சொல்வது. அதைவிடப் பெரிய சேதத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். வைகையின் இரு கரையிலும் ஆற்றிலிருந்து நேரடியாகப் பிரியும் பழைய கால்வாய்கள் நிறைய உண்டு. அவற்றின் தலைமதகு, வெட்டிய காலத்து ஆற்றுத் தரையின் மட்டத்துக்கு வைத்தது. தரை மூன்று அடி இறங்கினால் மதகு மூன்று அடி உயரத்தில் தொங்குகிறது. முன்பு ஆற்றில் முழங்காலளவு ஓடினாலே உள்ளே ஏறிய தண்ணீர், இப்போது இடுப்புக்கு மேல் ஓடினால்தான் ஏறும். அந்த அளவு வெள்ளம் வருடத்தில் சில நாள்தான் வரும், சில வருடம் வராமலே போகும்.

கால்வாயின் தலையை ஆழமாக வெட்டிவிடலாமே என்று முதலில் தோன்றும். வெட்டினால் தண்ணீர் உள்ளே வரும், ஆனால் கால்வாயின் சாய்வு செத்துவிடும். வைகையின் கீழ்ப்பகுதியில் நிலமே ஏறக்குறைய தட்டையானது. தலையில் மூன்று அடி இறக்கிவிட்டால் கண்மாய் வாயில் தண்ணீர் ஏற முடியாது. சரியான வழி, மதகுக்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே தாழ்வான படுகை அணை கட்டி, தரையைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது. மேல்பக்கம் மணல் படிந்து இரண்டு மூன்று வெள்ளத்தில் சமமாகிவிடும். கட்டும்போது அணையின் இரு முனைகளையும் கரைக்குள் நன்றாக ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் வெள்ளமே பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போகும். கீழ்ப்பக்கம் விழும் தண்ணீர் அடிவாரத்தைத் தோண்டாதபடி கல் விரிப்பும் வேண்டும்.

செவ்வாய், பார்த்திபனூர் மதகணை

ராமநாதபுரத்தின் பங்கு இங்கிருந்துதான் கால்வாய்களுக்குப் பிரிகிறது. வலதும் இடதுமாக இரண்டு பிரதானக் கால்வாய்கள் போக, மீதி ஆற்றிலேயே தொடர்ந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் நோக்கிப் போகும்.

அணையில் தண்ணீர் திறந்தால் அது இங்கே அப்படியே வந்துவிடாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வறண்ட மணல் குடித்தது போக மிச்சம்தான் வரும். அதனால் குறைவாக, நிறைய நாள் விடுவதைவிட, அதிகமாக, சில நாள் விடுவதே மேல். 20 நாள் மெல்ல விட்டால் மணலும் வெயிலும் 20 நாளும் தங்கள் பங்கை எடுக்கும். அதே அளவை ஒரு வாரத்தில் வேகமாக அனுப்பினால் நனைந்த மணல் மேல் மீதித் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவரும். பூர்வீகப் பாசனத்தின் மூன்றாம் பகுதியான ராமநாதபுரத்துக்கு வழக்கமாக முதலில் விட்டு, பிறகு சிவகங்கை, கடைசியில் மதுரை என்று வரிசை வைத்திருப்பதிலும் இந்த நியாயம் இருக்கிறது. கடைமடையை நிரப்பிக்கொண்டு மேலே ஏறி வந்தால், இடையில் யாரும் "எங்களுக்குப் போக மிச்சம்" என்று சொல்ல இடமில்லை.

கால்வாயின் ஓரத்தில் நடந்தபோது பார்த்தவை: ஒரு கிளை மதகின் ஷட்டரில் திருகுக் கம்பி துருப்பிடித்து, கைப்பிடி காணாமல் போயிருந்தது. கதவு முழுதும் இறங்கவில்லை, அடியில் ஒரு கல். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா கிரீஸும் ஒரு ஆளின் அரைநாள் கூலியும்தான். கிரீஸ் பூசும்போது பழைய மண் கலந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். அதன் மேலேயே புதியதைப் பூசினால் மணல் துகள் அரம்போல மரையைத் தேய்த்துவிடும்.

புதன், பரமக்குடிக்குக் கிழக்கே ஒரு கண்மாய்

இன்று முழுக்க ஒரே கண்மாயில். ஊரின் பெயர் வேண்டாம். இங்கே கண்டது பக்கத்து ஊர்களிலும் அப்படியேதான்.

நீர்ப்பரப்பு சுமார் 100 ஏக்கர், நிறைந்தால் சராசரி 5 அடி. அதாவது 2 கோடியே 18 லட்சம் கன அடி. கீழே ஆயக்கட்டு, அதாவது இதில் பாயும் வயல், 250 ஏக்கர். ஒரு ஏக்கரில் 2 அங்குலம் தண்ணீர் நிற்க 7,260 கன அடி வேண்டும். வகுத்துப் பார்த்தால் முழு ஆயக்கட்டுக்கும் 12 முறை தண்ணீர் கட்டலாம். பாதி வெயிலிலும் கசிவிலும் போனாலும் ஆறு தண்ணீர் நிச்சயம். மாவட்டத்தில் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பாக விதைத்து, மழையில் முளைக்கவும் தூர் கட்டவும் விட்டு, கண்மாய்த் தண்ணீரைப் பூப்பூத்துப் பால் பிடிக்கும் கடைசி நாற்பது நாளுக்கு வைத்துக்கொண்டால் இந்த ஆறு தண்ணீர் போதும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4 போன்ற 100, 105 நாள் நெல் ரகம் இதற்காகவே வந்தது. பக்கத்தில் ஒருவர் விதைத்திருக்கிறார் என்று பார்த்து 130 நாள் ரகத்தை விதைத்தால் கண்மாய் தை மாதமே கையை விரித்துவிடும்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தண்ணீர் தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் டியூப் 20 மீட்டர், அடி அங்குலம் குறித்த இரண்டு குச்சிகள். டியூபின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் வைத்து மறு முனையில் உறிஞ்சி நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் குமிழி மாட்டிக்கொள்ளும், குமிழி இருந்தால் இரண்டு முனையும் பொய் சொல்லும். டியூப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். அதனால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. 20 மீட்டர் 20 மீட்டராக நகர்ந்து போய், முடிவில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அளவு சரி.

எடுக்க வேண்டிய மட்டங்கள் ஐந்து: வரத்துக்கால் கண்மாயில் சேரும் வாயின் தரை, மேல்மடை அடிக்கல், அடிமடை அடிக்கல், கலுங்கின் (உபரி நீர் வழியும் கல்கட்டு) தலை, கரையில் மிகத் தாழ்ந்த இடம். எடுத்ததும் பெயிண்டால் மடைக்கல்லிலேயே எழுதிவிட வேண்டும். காகிதம் தொலைந்துபோகும்.

இந்தக் கண்மாயில் தெரிந்தது இது. சில வருடம் முன் ஜேசிபி வைத்து நடுக்கண்மாயில் ஆழமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தின் தரை அடிமடையைவிட நான்கு அடி கீழே. ஊரின் நீர்ப்பாய்ச்சி (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்), எழுபதைத் தாண்டியவர், கரையில் உட்கார்ந்தபடி பள்ளத்தைக் காட்டினார். "அடிமடைக்குக் கீழ கெடக்குற தண்ணி மாட்டுக்கும் மீனுக்குந்தான் தம்பி. வயலுக்கு வராது." மடையின் அடிக்கல்லுக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் பாசனக் கொள்ளளவு ஒரு குடம்கூடக் கூடாது. மேலும் முதல் மழையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் மடைக்கு ஏறும். மழை குறைந்த வருடத்தில் அதுவே பெரிய நட்டம்.

அப்படியானால் தூர்வாருவது எங்கே? மடை மட்டத்துக்கு மேலே படிந்திருக்கும் வண்டலை எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் உள்வாயிலும் வரத்துக்கால் முகத்திலும் இருக்கும், கரையிலிருந்து தூரம் என்பதால் ஒப்பந்தக்காரர்களுக்குப் பிடிக்காத இடம். கரையடியிலேயே தோண்டிக் கரை மேல் போடுவது அவர்களுக்குச் சுலபம். அப்படித் தோண்டினால் கரையின் பாதம் பலவீனமாகி, கண்மாய் நிறையும்போது சரிந்துவிடும். கரையடியிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளித்தான் மண்வெட்டியே பட வேண்டும்.

முழுக் கண்மாயையும் தூர்வாருவோம் என்பது நடக்கிற காரியமல்ல. 100 ஏக்கரில் 4 அங்குலம் வண்டல் என்றால் 40,000 கன மீட்டர். டிராக்டருக்கு 3 கன மீட்டர் வைத்தால் 13,000 நடைக்கு மேல். விவசாயிகள் தாங்களே எடுத்துக்கொள்ள அரசு அனுமதி உண்டு. 2017இல் வந்த விதிப்படி ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர். மேட்டுப் புஞ்சைக்கு இந்த வண்டல் நல்ல உரம். அனுமதிச் சீட்டோடு எந்த இடத்தில், எந்த மட்டம் வரை என்று கல் நட்டுக் காட்டிவிட்டால் கண்மாய்க்கும் நல்லது, வயலுக்கும் நல்லது.

பழைய குமிழி மடை ஒன்று இன்னும் நிற்கிறது. இரண்டு கல்தூண், குறுக்கே பலகைக்கல், நடுவில் அடைப்புக் கம்பி இறங்கும் துளை. கீழே தொட்டிக்கல்லில் மேல் துளை நீருக்கு. அதற்கும் தாழ்வாகச் சிறு துளைகள், அடியில் தங்கும் சேற்றை அவ்வப்போது இழுத்துக்கொண்டு போக. பக்கத்தில் புதிய ஷட்டர் மடை. ரப்பர் பட்டை பிய்ந்து, அடியில் ஒரு விரல் நுழையும் இடுக்கு. ஒரு மீட்டர் அகலக் கதவின் கீழே ஒரு சென்டிமீட்டர் இடுக்கு, மேலே ஐந்து அடித் தண்ணீர். நாளொன்றுக்கு ஒழுகுவது சுமார் 28 லட்சம் லிட்டர். இதே கண்மாயில் வெயில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் உறிஞ்சினால்கூட 20 லட்சம் லிட்டர்தான். மாதத்தில் கண்மாயின் ஏழில் ஒரு பங்கு அந்த விரலிடுக்கில் போய்விடும். புதிய ரப்பர் பட்டை போடும்வரை, கதவின் மேல்பக்கம் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பி, மேலே சாக்கு மூட்டை அடுக்கினால் பெருமளவு நிற்கும்.

கலுங்கில்தான் சண்டையெல்லாம். பழைய கலுங்கின் தலையில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை ஓயப்போகிற மார்கழியில் கற்களுக்கிடையே புல்லும் மண்ணும் வைத்து அடைத்துக் கூடுதலாக ஒரு அடி பிடிப்பார்கள், பெருமழை தெரிந்தால் உடனே பிடுங்கிவிடுவார்கள். இப்போது பல இடத்தில் அந்த இடைவெளியைக் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக உயர்த்திவிட்டார்கள். 100 ஏக்கர் கண்மாயில் கலுங்கை அரை அடி உயர்த்தினால் 50 ஏக்கர் அடித் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். இதன் மறுகால் (கலுங்கில் வழியும் உபரி) போய்ச் சேரும் கீழ் ஏந்தல், அதாவது சிறு கண்மாய், 25 ஏக்கரும் 3 அடியும் என்றால் அதன் மொத்தமே 75 ஏக்கர் அடிதான். மேலூர்க்காரருக்கு அரை அடி, கீழூர்க்காரருக்கு மூன்றில் இரண்டு பங்கு கண்மாய் நட்டம். இன்னொரு பக்கம், உள்வாயில் பட்டா வைத்திருப்பவர்களின் பயிர் மூழ்கும். ராத்திரியில் யாரோ கலுங்கை உடைத்தார்கள் என்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். கலுங்கின் தலைக்கும் கரையின் தாழ்ந்த இடத்துக்கும் மூன்று அடியாவது இருக்க வேண்டும். கலுங்கை உயர்த்துகிறவர்கள் கரையை உயர்த்துவதில்லை. கலுங்கு வழியாகப் போக வேண்டிய தண்ணீர் கரை மேல் ஏறும், ஒரு மணி நேரத்தில் உடைப்பு.

கரையில் மண் போடும் முறையையும் சொல்லிவிடுகிறோம். 9 அங்குலத்துக்கு மேல் ஒரே தட்டாகப் போடக் கூடாது. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் நீர் கசியக் கூடாது. அந்த ஈரத்தில் உருளை ஓட்ட வேண்டும். கரிசலை மட்டும் கொட்டினால் கோடையில் வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே களிமண், மேலே செம்மண் சரளை. எலி வளையும் நண்டு வளையும் வாயை மட்டும் அடைத்தால் பிரயோஜனம் இல்லை. முடியும் இடம்வரை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து வர வேண்டும்.

நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி களத்துமேட்டில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று இருந்தது. பல ஊர்களில் அந்தப் பொறுப்பு நின்றுபோய்விட்டது. மடையை அவரவர் திறக்கிறார்கள், அடைக்க யாரும் வருவதில்லை. ராத்திரித் தண்ணீர் தலைமடை வயலை நிறைத்து ஓடையில் வடிகிறது. இந்த ஊரில் இன்னும் முறை வைத்துப் பாய்ச்சுவதால் கடைமடை வயல்காரரும் நம்பி விதைத்திருக்கிறார். ஷட்டருக்குச் செலவழிக்கிற பணத்தில் சின்னப் பங்கையாவது அந்த மனிதருக்கு மாதச் சம்பளமாகக் கொடுக்க வழி செய்தால், ஷட்டரும் பிழைக்கும் என்பது எங்கள் கருத்து.

வியாழன், ஆர்.எஸ்.மங்கலம்

"நாரை பறக்க முடியாத 48 மடை" என்று ஊர்ப்பக்கம் பெருமையாகச் சொல்லும் கண்மாய். கரையில் வண்டியில் போனாலும் முடிவு தெரிவதில்லை. வைகைத் தண்ணீர் கீழநாட்டார் கால்வாய் வழியாக வந்தால் உண்டு, மற்றபடி ஓடைகளும் மழையும்தான்.

48 மடையும் ஒரே மட்டத்தில் இல்லை. மேட்டு மடைகள் முதலில் காயும், பள்ள மடைகள் பங்குனி வரை ஓடும். எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்றால், கண்மாய் நிறைந்த முதல் வாரங்களில் மேட்டு மடைகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பள்ள மடைகளை அடைத்து வைக்க வேண்டும். எல்லா மடையையும் ஒரே நாளில் திறந்தால் மேட்டுக்காரருக்குப் பாதிப் பயிர்தான். பெரிய கண்மாயில் மடைக்கு மடை தனிக்குழு மட்டும் போதாது. மொத்தக் கண்மாய்க்கும் சேர்த்து நாள் குறிக்கிற ஒரு கூட்டம் வேண்டும்.

இவ்வளவு நீண்ட நீர்ப்பரப்பில் காற்று அலையை வளர்த்துக்கொண்டே வந்து கரையில் அடிக்கிறது. சில இடத்தில் அலைகல் (அலையைத் தாங்கக் கரைச் சரிவில் பதித்த கல்) சரிந்து கிடந்தது. கல்லை நேரே மண் மேல் பதித்தால் அலை திரும்பும்போது இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சிவிடும், கல் உள்ளே இறங்கும். கல்லுக்கு அடியில் அரை அடிச் சரளை விரிப்பு இருந்தால் மண் நிற்கும். சரளையை மிச்சப்படுத்தியவர்கள் கல்லையும் இழந்திருக்கிறார்கள்.

வெள்ளி, முதுகுளத்தூர்

"தண்ணியில்லாக் காடு" என்று உத்தியோகஸ்தர்கள் பயந்த பக்கம். நிலத்தடியில் தண்ணீர் இல்லாமல் இல்லை, உப்பாக இருக்கிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது. குழாய் உடைந்தாலோ மின்சாரம் போனாலோ ஊருக்கு மிஞ்சுவது ஊரணி என்னும் குடிநீர்க் குளம்தான். அதனால் ஊரணியைக் கைவிட்ட ஊர்களைவிட, இரண்டையும் வைத்திருக்கும் ஊர்கள் நிம்மதியாக இருக்கின்றன.

ஊரணியின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். 200 குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வீட்டுக்கு 50 லிட்டர் என்றால் நாளுக்கு 10 கன மீட்டர். எட்டு மாதத்துக்கு 2,400. நாற்பது மீட்டருக்கு நாற்பது மீட்டர் ஊரணியில் வெயில் எடுப்பது நாளுக்கு 8 கன மீட்டர், எட்டு மாதத்தில் 1,900க்கு மேல். ஊர் குடிப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு வெயிலும் குடிக்கிறது. ஆகவே வாய் சிறுத்து ஆழம் கூடினால் நல்லது என்றுதான் கணக்கு சொல்லும். இங்கேதான் கவனம் வேண்டும். ஊரணியின் அடியில் சில அடிக் களிமண் தட்டுதான் நல்ல தண்ணீரைத் தாங்கி நிற்கிறது, அதற்குக் கீழே உப்பு. ஜேசிபி அந்தத் தட்டைக் கிழித்துவிட்டால் ஒன்று தண்ணீர் மணலுக்குள் இறங்கும், இல்லை உப்பு மேலே ஏறும். தூர்வாரிய அடுத்த வருடமே ஊரணி உவர்த்துப்போன ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன் கைத்துளைப்பானால் நான்கைந்து இடத்தில் துளைத்து, களி எதுவரை போகிறது என்று பார்த்து, அதில் குறைந்தது இரண்டு அடியை விட்டுவைக்க வேண்டும். துளையைத் திரும்பக் களிமண்ணால் இடித்து அடைக்க மறக்கக் கூடாது. தண்ணீரின் உப்பைக் கையடக்க மீட்டரில் பார்த்துவிடலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வரத்துக்கால் ஊரணியில் விழும் முன் ஒரு வண்டல் குழி, அதன் பிறகு கம்பிவலை போட்ட குழாய். முதல் மழையின் தண்ணீரை உள்ளே விடாமல் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். ஆட்டுப் புழுக்கையும் குப்பையும் அதில்தான் வரும். தண்ணீர் எடுக்க ஊரணிக்குள் இறங்காமல், கரையில் ஒரு கிணறு. இரண்டுக்கும் நடுவே மணல் வடிகட்டி. 10 கன மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டி போதும். கீழே ஜல்லி, மேலே மூன்று அடி கழுவிய நேர்த்தியான மணல். மணலின் மேல் படியும் வழவழப்பான படலம்தான் கிருமியைத் தின்று தண்ணீரைச் சுத்தப்படுத்துகிறது. அழுக்கு என்று நினைத்து வாராவாரம் கழுவுகிறவர்கள் வடிகட்டியைக் கொன்றுவிடுகிறார்கள். நீர் வரத்து நன்றாகக் குறைந்த பிறகு மேலே அரை அங்குலத்தை மட்டும் வழித்தெடுத்தால் போதும். அதற்குப் பின் படலம் மறுபடி உருவாகும்வரை சில நாள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். குளோரின் போடுவதானால் வடிகட்டிக்குப் பிறகுதான், முன்னால் அல்ல. கலங்கல் தெளியப் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

ஆயக்கட்டுக்குள்ளேயே பண்ணைக்குட்டை வெட்டியவர்களின் வயல்களையும் பார்த்தோம். நூறு அடிக்கு நூறு அடி, ஐந்து அடி ஆழம். சரிவு போக 45,000 கன அடி பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு ஆறு தண்ணீர். நெல் முடிந்ததும் முண்டு மிளகாய்க்குக் குடத்தால் ஊற்றுகிறார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாய் நிற்பது இந்தக் குட்டைகளாலும்தான்.

சாலையோரம் எங்கும் சீமைக்கருவேலம், ஊருக்கு வெளியே கரிமூட்டப் புகை. கண்மாயில் இந்த மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கரி சுட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். புஞ்சைத் தரிசில் விட்டு, வரத்துக்காலிலும் உள்வாயிலும் எடுப்பது என்று எல்லை போட்டுக்கொள்ளலாம். வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்காவிட்டால் மூன்று மாதத்தில் புதராகத் தழைக்கும். கரை மேல் நிற்பதை மட்டும் மழைக்கு முன் பிடுங்கக் கூடாது. வேர் போன குழி கரைக்குள் ஒரு சுரங்கம்; நிரப்பி இடிக்க நேரமில்லையென்றால் கோடை வரை நிற்கட்டும்.

சனி, ராமநாதபுரம் பெரிய கண்மாய், ஆற்றங்கரை

வைகை நேராகக் கடலுக்குப் போவதில்லை. பெரிய கண்மாய்க்குள் வந்து அடங்கி, அது நிறைந்த வருடத்தில் மட்டும் மறுகால் ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது. அந்த உபரியைக் கடலில் வீணாகும் தண்ணீர் என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. கடலோர நிலத்தில் ஏறும் உப்பைத் தள்ளிவைப்பதும், முகத்துவாரத்து மீனுக்கும் இறாலுக்கும் குஞ்சு பொரிக்க இடம் கொடுப்பதும் அதுதான்.

சக்கரக்கோட்டை கண்மாய்க்கும் போனோம். இதுவும் தேர்த்தங்கலும் 2025இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே சேர்ந்தவை. நான்கும் பாசனத்துக்கு வெட்டிய கண்மாய்கள். உள்ளே நிற்கும் நாட்டுக்கருவேலத்தில்தான் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அதனால் "கண்மாயைச் சுத்தம் செய்வோம்" என்று எல்லா மரத்தையும் வழித்துவிடுவது தவறு. திட்டுத் திட்டாக நாட்டுக்கருவேலத்தை விட்டுவிட்டு, சீமையை மட்டும் எடுக்க வேண்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை இங்கே விவசாயிகளே சொல்கிறார்கள்.

நகரத்தை ஒட்டிய வரத்துக்கால்களில் ஆக்கிரமிப்பும் கழிவுநீரும். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அளந்து எல்லைக்கல் நடச் சொல்கிறது. கல் இருக்கும் இடத்தில் வழக்கு நிற்கிறது, கல் இல்லாத இடத்தில் பேச்சு மட்டும். ஊர்க்குழு ஒன்று முதலில் செய்ய வேண்டியது நில அளவைப் பதிவை வாங்கி, சர்வே எண் வாரியாகக் கண்மாயோடு வரத்துக்காலையும் மறுகாலையும் சேர்த்து அளக்கக் கேட்பது. கண்மாயை மட்டும் அளந்து வாங்கிவிட்டு ஓய்ந்துபோகிறவர்கள் அதிகம்.

ஊர்க்காரர்களும் சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து 2017இல் மறுபடி தொடங்கியபோது முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய்க்கு 1,519 வேலைகள் எடுத்தார்கள், பத்தில் ஒரு பங்கு விவசாயிகளுடையது, பணமாகவோ உழைப்பாகவோ. பெரிய பணம் வரும் வருடம் வரட்டும். மழைக்கு இன்னும் மூன்று வாரமும் கையில் சின்னத் தொகையும் மட்டுமே இருக்கிற ஊருக்கு நாங்கள் சொன்ன வரிசை இது: முதலில் வரத்துக்காலில் கண்மாயை ஒட்டிய கடைசி 200 மீட்டரைப் பழைய தரை மட்டத்துக்குச் சீவுவது, ஆழப்படுத்துவது அல்ல. இரண்டாவது மடைக்கதவின் ரப்பரும் கிரீஸும். மூன்றாவது கரையின் தாழ்ந்த இடத்தை மட்டும் கலுங்குத் தலைக்கு மூன்று அடி மேலே ஏற்றுவது. அதற்குள் எலி வளைகளை வெட்டி அடைத்துவிட வேண்டும். கலுங்கில் போன வருடம் வைத்த அடைப்பு மிச்சமிருந்தால் ஐப்பசிக்கு முன் பிடுங்கிவிட வேண்டும். 100 சாக்கில் மணல் நிரப்பிக் கரையில் இரண்டு இடத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வைக்கலாம். உடைப்பு எடுக்கிற ராத்திரியில் மணல் தேடிப் போக முடியாது. தூர்வாருவதை மாசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.